இல்லம் தேடிச் செல்வோர்

பங்குகளில் புனித வின்சென்ட் தே பவுல் சபையின் ஆண்டறிக்கை வாசிக்கப்படும்போதெல்லாம், உறுப்பினர்கள் கூட்டங்களுக்குத் தவறாது வரவேண்டும் என்ற வேண்டுகோள் ஒன்று இடம்பெறும். நாமும் அதைப் பல ஆண்டுகள் மறையுரையில் வலியுறுத்தியிருக்கிறோம். வராதவர்களுக்கு ஆர்வம் குன்றிவிட்டது என்றே எண்ணினோம். குறை நம்மிடம் இருக்கக்கூடும் என்று தோன்றவில்லை.

முன்னர் நாம் பணியாற்றிய பங்கொன்றில் அச்சபையின் பதிவேட்டில் 22 பெயர்கள் இருந்தன. கூட்டத்துக்கு வருவோர் ஏழெட்டுப் பேர். செபம், ஞான வாசகம், சென்ற கூட்ட அறிக்கை, இரகசியப் பை, மீண்டும் செபம். அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஏழைக் குடும்பங்களை வீடு தேடிச் சென்று சந்திப்பதே சபையின் உயிர். அவ்வழக்கம் அங்கே நின்றுபோயிருந்தது. நிறுத்தியவர் வேறெவருமல்லர், நாமே. கணக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று, மாதத்தின் முதல் ஞாயிறன்று பயனாளிகளே சீட்டுடன் பங்கு இல்லத்துக்கு வந்து அரிசி பெற்றுச் செல்ல ஏற்பாடு செய்திருந்தோம். கணக்கு மிக ஒழுங்காகவே இருந்தது.

ஒரு மாதம் ஒரேயொரு சீட்டு வரவில்லை. தனித்து வாழ்ந்த கைம்பெண் ஒருவருடையது. "ஊருக்குப் போயிருப்பார், சாமி" என்றார் பொருளாளர், நாமும் ஏற்றுக்கொண்டோம். அடுத்த மாதமும் வரவில்லை. அதற்கு மூன்றாம் நாள், நோயில்பூசுதல் வழங்க அழைப்பு வந்தபோதுதான் அவ்வீட்டு வாசற்படியை முதன்முறையாக மிதித்தோம். இடுப்பெலும்பு முறிந்து ஏறத்தாழ ஐந்து வாரங்கள் படுக்கையிலேயே கிடந்திருக்கிறார். பிற சமயத்தைச் சேர்ந்த அண்டைவீட்டுப் பெண் கஞ்சி ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் எவரையும் குறை கூறவில்லை. "சீட்டக் கொண்டுவர முடியலியே சாமி" என்று நம்மிடமே வருந்தினார். பதினோராம் நாள் அவரை அடக்கம் செய்தோம்.

குருமடத்தில் திருச்சபை வரலாற்றுப் பாடத்தில் கற்றது அந்நாள்களில் புதிதாக நினைவுக்கு வந்தது. 1833-இல் பாரிசில் இச்சபையைத் தோழர்களுடன் தொடங்கியபோது பிரெடெரிக் ஓசானாமுக்கு வயது 20. கிறிஸ்தவத்தின் பழம்பெருமையைப் பேசிய மாணவர்களிடம், இன்று ஏழைகளுக்காக நீங்கள் செய்வதென்ன என்று விவாத மன்றத்தில் எழுந்த கேள்விதான் அவர்களைத் தைத்தது. ஆர்வம் இருந்தது, வழிகாட்ட ஒருவர் வேண்டியிருந்தது. முஃப்தார் பகுதி ஏழைகளிடையே உழைத்த பிறரன்புப் புதல்வியர் சபைச் சகோதரி ரோசலி ரான்து, குடும்பங்களின் முகவரிகளைத் தந்து அனுப்பினார். ஓசானாம் 1997-இலும் ரோசலி 2003-இலும் முத்திப்பேறு பெற்றோராக உயர்த்தப்பட்டனர். ஓசானாமைச் சபை விழாவில் போற்றுகிறோம். சகோதரியின் செயலோ நம்மைப் போன்ற பங்குத்தந்தையருக்குரிய பாடம். உதவியைத் தாமே வழங்கிவிட்டு, மாணவர்களைக் கையெழுத்திட மட்டும் அவர் அழைக்கவில்லை.

சீட்டுமுறையைக் கைவிட்டோம். இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் இரண்டு வீடுகளை ஒப்படைத்தோம். முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. வீட்டுக்குப் போனால் கடன் கேட்பார்கள் என்று அஞ்சி இருவர் விலகினர். இதற்குமுன் ஆலயத்துக்கு வெள்ளையடிக்கவும் திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் உறுப்பினர்களை அழைத்ததுண்டு. வந்தார்கள், செய்தார்கள், களைத்துப்போனார்கள். வேலை கொடுத்தால் உறுப்பினர் நிலைப்பார் என்பது முழு உண்மையன்று. சுவர் எவரையும் எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை.

இரண்டாண்டுகளாகக் கூட்டத்தை எட்டிப்பாராத ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம் பொறுப்பிலுள்ள வீட்டில் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் தவறிய சிறுவனைக் கண்டு, வாரம் இருமுறை கற்பிக்கத் தொடங்கினார். அதன்பின் ஞாயிறு கூட்டத்துக்கு அவரே முதலில் வந்தார். சொல்வதற்கு அவரிடம் செய்தி இருந்தது. இன்னோர் இணையினர், முதியவர் ஒருவருக்கு அரசு உதவித்தொகை கிடைக்கவேண்டி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தனர். நீதியின்படி சேரவேண்டியதைத் தருமமாக வழங்கலாகாது என்று 1965-இல் சங்கம் பொதுநிலையினருக்கு உரைத்ததை நாம் வகுப்பில் பயின்றோம். அவர்கள் வரிசையில் நின்று பயின்றனர்.

எல்லாரும் திரும்பிவிடவில்லை. நாம் மாற்றலாகிப் புறப்பட்டபோது 14 பேர் ஒழுங்காக வந்துகொண்டிருந்தனர். கடைசியாகப் பார்வையிட்ட அறிக்கைப் புத்தகத்தில் இரண்டு கூட்டங்களுக்கான பக்கங்கள் வெறுமையாக இருந்தன. செயலரிடம் காரணம் கேட்டோம். தம் வீடுகளில் ஒன்றிலிருந்த பிரசவத்துக்குத் துணையாக மனைவியுடன் மருத்துவமனையில் இருந்ததாகக் கூறினார். பெண் குழந்தையாம். கையொப்பமிட்டுப் புத்தகத்தைத் திருப்பித் தந்தோம்.