டி.எஸ்.எச். என்னும் அதட்டல்

தில்லிக் குளிரைப் பற்றித் தமிழ் மாணவர் புலம்பாத ஆண்டு உண்டோ? ஆகையால், சென்ற பங்குனி வெயிலிலும் நான் கம்பளியை விடாதது விடுதியில் எவருக்கும் வியப்பாக இல்லை. பகலெல்லாம் தூக்கம், தலை வாரினால் சீப்பு நிறைய முடி, படித்த வரி மனத்தில் நிற்பதில்லை. "தெற்கத்திச் சோம்பல்" என்று பட்டமும் சூட்டினார்கள். தொலைபேசியில் அம்மாதான், "ஏண்டி, குரல் ஏன் இப்படிக் கனத்துக் கிடக்கிறது? டாக்டரிடம் போ" என்றாள்.

இரத்தச் சோதனையில் டி.எஸ்.எச். 38 என்று வந்தது. ஏறக்குறைய 4, 5க்குள் இருக்கவேண்டிய எண்! ஏறியதை இறக்க மருந்துண்டா என்று கேட்டேன். டாக்டரம்மாள் சிரித்தார். மூளையின் அடியில் பட்டாணியளவில் பிட்யூட்டரி என்றொரு சுரப்பி. கழுத்திலுள்ள தைராய்டை வேலை வாங்கும் மேஸ்திரி அது. தைராய்டு சுணங்கினால் மேஸ்திரி அதட்டுவார். அந்த அதட்டலே டி.எஸ்.எச். ஆக, என்னை வாட்டியது 38 அன்று, தைராக்ஸின் பஞ்சம். அது குறைந்தால் உடலின் அடுப்பே தணிந்துவிடுகிறது. குளிர் தாங்காது, நாடி மெதுவாகும், மலம் கட்டும், கொலஸ்டிரால் ஏறும்.

உப்பில் அயோடின் போதாமையோ? இமயமலை அடிவாரத்தில் ஒரு காலத்தில் அதுவே பெருங்காரணம். காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் டாக்டர் வி. இராமலிங்கசுவாமி குழுவினர் ஆய்வு தொடங்கி, அயோடின் கலந்த உப்பால் கழுத்துக் கழலை குறைவதைக் காட்டினர். 1962இல் தேசியத் திட்டமும் பிறந்தது. என் கதை வேறு. உடலின் காவற்படையே தைராய்டைப் பகைவனென்று எண்ணித் தாக்குகிறது. 1912இல் ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் விவரித்த நோய் இது.

இப்போது விடிந்ததும் வெறும் வயிற்றில் லெவோதைராக்ஸின் மாத்திரை. அதன்பின் ஒரு மணி நேரம் காப்பி கூடாதாம்! கும்பகோணத்துப் பெண்ணுக்கு இதைவிடக் கடுந்தண்டனை வேறென்ன? ஆறு வாரத்தில் எண் 9க்கு இறங்கிற்று. கம்பளியும் பெட்டிக்குள் போயிற்று.

இதைக் கண்டு, 6 என்ற எண்ணோடு வந்த தோழி ஒருத்தி என் மாத்திரையில் பங்கு கேட்டாள். நான் கொடுக்கவில்லை. தைராக்ஸின் சரியாக இருந்து, டி.எஸ்.எச். மட்டும் 10க்குள் சற்றே ஏறியிருந்தால் பலருக்கு மருந்தே வேண்டியதில்லை. மறுசோதனையில் தானே இறங்கியிருப்பதும் உண்டு. கருவுற்றவர்களின் கணக்கு வேறு; அவர்கள் காத்திருக்கலாகாது. மருந்து மிஞ்சினாலோ நெஞ்சு படபடக்கும். அவளை மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை விடியற்காலையில் என் எதிரிலேயே அமர்ந்து, ஆற அமரக் காப்பி குடிக்கிறாள்.