மைலோ டின்னில் மணல்

மூன்று வாரமாக ஒரு கரகரப்பு என் கூடவே வந்துகொண்டிருந்தது. சிங்கப்பூரின் பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றிச் சைக்கிள் மிதிக்கும்போது செயின் அரிசியில் கல்லைக் கடித்த மாதிரி சத்தம் போட்டது. வீட்டில் இருந்த எண்ணெய் ஸ்ப்ரேயைச் சொட்டச் சொட்ட அடித்தேன். இரண்டு நாள் அடங்கியது. மூன்றாம் நாள் முன்னைவிட மோசம்.

சனிக்கிழமை காலை பிடோக் நார்த்தில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஒன்றின் கீழே இருக்கும் சைக்கிள் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரர் எழுபதைத் தாண்டிய சீனர். அக்கம்பக்கத்துக்கெல்லாம் அவர் அங்கிள். என்னோடு கடைத்தெரு மலாயில் பேசினார். எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி அதுதான். சிங்கப்பூரில் சைக்கிள் தொழில் நெடுங்காலம் ஹெங்ஹுவா, ஹொக்சியா சீனர்களின் கையில் இருந்தது. மற்ற சீனர்களுக்குப் பிந்தி வந்ததால் வேறு தொழில்களில் இடம் கிடைக்காமல் ரிக்‌ஷா இழுத்தவர்கள், அதிலிருந்து சைக்கிளுக்கு வந்தார்கள். இவரும் அந்த வழி வந்தவர். அப்பாவிடம் கற்ற வேலை.

எண்ணெய்க் குப்பியை அவர் தொடவே இல்லை. செயினை நகத்தால் சுரண்டி, வந்த கறுப்புக் களிம்பை என் விரலில் தடவி, தேய்த்துப் பார்க்கச் சொன்னார். நறநறவென்றது. "பாசிர்" என்றார். மணல்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் ஓட்டும் இரண்டு இடமும் மணல் பூமி. நீர்த்தேக்கம் 1986க்கு முன் மணல் தோண்டிய குழி. கிழக்குக் கடற்கரைப் பூங்காவோ 1966இல் தொடங்கி, பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டிக் கடலைத் தூர்த்து எடுத்த நிலம். அந்த மண்ணில் உப்புக் காற்றையும் மழையையும் சேர்த்துக்கொண்டு ஓட்டிவிட்டு, மேலே ஸ்ப்ரேயை வேறு அடித்திருக்கிறேன். ஸ்ப்ரே நீர்த்தது, உள்ளே இருந்த கொஞ்ச எண்ணெயையும் கழுவிவிட்டு மணலை உள்ளே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

செயினைக் கழற்றிப் பழைய மைலோ டின்னில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கினார். மைபோலக் கறுத்தது. கொட்டி, மறுபடி ஊற்றினார். அழுக்கு அடியில் படியும்வரை கந்தல் துணியின் ஓரத்தைப் பின்சக்கரத்துப் பல்சக்கரங்களுக்கு இடையில் நுழைத்து, இரு கையாலும் முன்னும் பின்னும் இழுத்துத் துடைத்தார். கியர் மாற்றும் கருவியில் இருக்கிற இரண்டு குட்டிச் சக்கரங்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டியபோது அழுக்கு வளையம் வளையமாகக் கழன்று விழுந்தது. அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மூன்றாவது முறை கழுவிக் காயவைத்த பிறகு இரும்பு ஸ்கேலை எடுத்தார். ஓர் இணைப்புக்கு அரை அங்குலம். 24 இணைப்பு சரியாக 12 அங்குலத்தில் முடிய வேண்டும். அதற்கு மேல் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் போனால் செயினை மாற்றிவிட வேண்டும். என்னுடையது மயிரிழையில் தப்பியது. செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோம்; தகடு நீள்வதில்லை. உள்ளே இருக்கும் ஆணி மணலில் உராய்ந்து தேய்கிறது. இணைப்புக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தாலே, 114 இணைப்புள்ள செயின் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடிவிடும். அப்புறம் அது பல்சக்கரத்தின் பல்லையும் தின்னத் தொடங்கும்.

அந்த நேரத்தில் கட்டுமானத் தொழிலாளி ஒருவர், பெடல் கழன்ற பழைய வண்டியோடு வந்தார். அறந்தாங்கிக்காரர். என் செயினைப் பார்த்ததும் குனிந்து உட்கார்ந்துவிட்டார். "அண்ணே, ஊர்ல இதை ஓவராயில்னு சொல்லுவோம். சின்னப் பிள்ளையில சைக்கிள் கடையில நான்தான் செயின் கழுவுவேன். பழைய என்ஜின் ஆயில்ல முக்கி எடுத்து மாட்டிருவோம்." அவருடைய வண்டியில் கியர் இல்லை. அரைக்கால் அங்குல உள் அகலமுள்ள அந்தத் தடித்த செயின் அந்த வைத்தியத்தையும் தாங்கும். பதினொரு கியர் வண்டியின் செயின் வெளி அகலமே ஐந்தரை மில்லிமீட்டர்தான், அது தாங்காது.

கடைசியில்தான் எண்ணெய் வந்தது. செயினை மாட்டிய பின், அதன் உருளைக்கு ஒரு சொட்டு, ஒவ்வொன்றாக, ஒரு முழுச் சுற்று. பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, பத்து நிமிடம் விட்டுவிட்டு, சுத்தமான துணியால் செயினைப் பிடித்து, போட்ட எண்ணெயில் பாதியைத் துடைத்தெடுத்ததுபோல் துடைத்தார். நான் முகம் சுளித்திருக்க வேண்டும். "லுவார் கெரிங், டாலாம் மின்யாக்" என்றார். வெளியே காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் உள்ளே இருக்க வேண்டும். வெளியே மினுக்கும் எண்ணெய் மணலுக்குப் பசை.

முக்கால் மணி நேர வேலைக்குப் பத்து வெள்ளி கேட்டார். புதுச் செயினுக்கு நாற்பது வெள்ளி என்றால் மறுபேச்சில்லாமல் கொடுப்பவர்கள், துடைத்ததற்குப் பத்தா என்று பேரம் பேசுவார்களாம். அவர்கள்மேல் எனக்குக் கோபமே வந்தது. இந்த வேலையில் திறமை முழுக்கத் துடைப்பதில்தான் இருக்கிறது. அறந்தாங்கிக்காரரின் பெடலை இரண்டே நிமிடத்தில் முடுக்கிக் கொடுத்து, காசு வேண்டாம் என்று கையசைத்தார்.

அடுத்த மாதம் நானே உட்கார்ந்தேன். வீட்டு வாசலில் பழைய செய்தித்தாள், கந்தலாகக் கிழித்த டீசட்டை, எங்கள் வீட்டு மைலோ டின். மூன்றாம் கழுவலுக்குப் பிறகு டின்னைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் மணல் பொடியாக மின்னியது. நான்காவது முறை மண்ணெண்ணெய் ஊற்றினேன்.