காரைக்கால் போகிறவர்களுக்கு

காரைக்காலுக்கு வருகிற பலர் அதைத் தமிழ்நாடு என்றே நினைத்துக்கொண்டு வருகிறார்கள். தப்பில்லை. மூன்று பக்கம் தமிழ்நாடு, நாலாவது பக்கம் கடல். ஆனால் ஊர் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. (பெட்ரோலும் 'மற்றதும்' இங்கே விலை குறைவு. இது மட்டும் வெளியூர்க்காரர்களுக்கு எப்படியோ முன்பே தெரிந்துவிடுகிறது!)

1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போன ஊர். 1954 நவம்பர் 1-ல் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இன்றும் இங்கே உண்டு.

சனிக்கிழமை என்றால் திருநள்ளாற்றில் கூட்டம் அலைமோதும். சனீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்களிடம் மூலவர் பெயரைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் விழிப்பார்கள். (தர்ப்பாரண்யேஸ்வரர்.) ஆனி பௌர்ணமியை ஒட்டி வந்தால் காரைக்கால் அம்மையாருக்கு மாங்கனித் திருவிழா. வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவார்கள், தலை பத்திரம்!

புதுச்சேரி பார்த்துவிட்டு அப்படியே ஆட்டோவில் காரைக்கால் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். நடுவில் 130 கிலோமீட்டருக்கு மேல், கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி என்று முக்கால்வாசி தமிழ்நாடு. ஆப்பிரிக்காவில் அங்கோலாவின் கபிந்தா இப்படித்தான், சொந்த நாட்டுக்குப் போக நடுவில் காங்கோ. காரைக்கால்காரருக்குப் பாஸ்போர்ட் வேண்டாம், அவ்வளவுதான் வித்தியாசம். சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் 30 பேரில் காரைக்காலுக்கு 5 பேர். தலைமைச் செயலகத்தில் ஒரு கையெழுத்து வேண்டுமென்றால், விடிவதற்கு முன்பே பஸ் ஏற வேண்டும். அதிகாரி அன்றைக்கு லீவு என்றால் மறுபடியும் அதே பஸ்.