ஒரு குவளைத் தண்ணீர்

படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் கொண்ட வீட்டு வண்டி ஒன்று மிச்சிகனில் நம் இல்லத்து வாசலில் நிற்கின்றது. கோடையில் நம் குடும்பம் ஊர் சுற்றுவது அதிலேதான். சென்ற ஆண்டு குளிர் வருமுன் நீர்த்தொட்டியைத் திறந்துவிட்டு, பணி தீர்ந்ததென எண்ணியிருந்தோம். வசந்தத்தில் பம்பை இயக்கியதும் சுவருக்குள்ளிருந்து நீர் பீறிட்டது. வண்டியின் பின்புறக் குளியற்குழாயில் தங்கிவிட்ட ஒரு குவளைத் தண்ணீர் செய்த வேலை! உறையும்போது நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கின்றது. இடங்கொடாத குழாய் பிளந்துபோகின்றது. அக்கோடைப் பயணம் செப்பனிடும் செலவிலேயே கரைந்தது. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க நமக்கு நாணமாயிருந்தது.

இவ்வாண்டு அக்டோபரிலேயே தொடங்கினோம். மலத்தொட்டியை முதலில் காலி செய்து, சோப்பு நீர்த் தொட்டியைப் பிறகு திறந்தோம். பின்னது குழாயைக் கழுவிச் செல்லும். வெந்நீர்க் கலனை ஆறவிட்டு வடித்து, அதன் வழியை அடைத்தோம். இல்லையேல் ஊற்றும் திரவத்தையெல்லாம் அதுவே குடித்துவிடும். கார் எஞ்சினுக்கு ஊற்றும் எதிலின் கிளைக்கால் நஞ்சு. பிள்ளைகள் நீரருந்தும் குழாயில் அதற்கு இடமில்லை. புரொப்பிலின் கிளைக்கால் கலந்த இளஞ்சிவப்புத் திரவத்தையே பம்பினால் ஏற்றி, ஒவ்வொரு குழாயிலும் அந்நிறம் வழியும்வரை காத்திருந்தோம்.

பின்புறக் குழாயடியில் நம் இளைய மகள் முன்னதாகவே போய் நின்றுகொண்டிருந்தாள்.