புலி வருது... புலி வருது!

சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு! (கையெழுத்துப் போடும்போது மேனேஜர் முறைத்த முறையிலேயே பாதிக் காட்டைப் பார்த்துவிட்டேன்.) சகதர்மிணி, எட்டு வயது வாண்டு, அப்பா சகிதம் முதுமலைக்குக் கிளம்பினேன்.

அப்பாவுக்குக் கண்ணில் பிரஷர். பார்வை கிட்டத்தட்டப் போய்விட்டது. "எனக்கு எதுக்குடா காடு? வீட்டுச் சுவரும் அதுவும் ஒண்ணுதானே!" என்றார். நான் விடவில்லை. சின்ன வயசில் ஒவ்வொரு லீவுக்கும் 'அடுத்த வருஷம் கூட்டிப் போறேன்' என்று சொல்லிச் சொல்லியே, லெட்ஜரோடு ரிட்டயரானவர் அவர்.

தெப்பக்காட்டில் வனத்துறை வேன். அப்பாவுக்கு ஜன்னல் சீட். 'தெரியாதவருக்கு எதுக்கு ஜன்னல்?' என்று பின்சீட் ஆசாமி முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அப்பா காதிலும் விழுந்திருக்கும்.

688 சதுர கிலோமீட்டர். 2007-லிருந்து புலிகள் காப்பகம். அதற்காகப் புலி நமக்கு முகம் காட்டியே ஆகணும் என்று சட்டமா, என்ன? புள்ளிமான், மயில், வெள்ளை சாக்ஸ் போட்டதுபோல் கால்களோடு காட்டெருமை... அவ்வளவுதான். எருமையைப் போட்டோ எடுக்க வேன் நின்றது. ஒரே சத்தம்.

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க. யாரோ இருமறாங்க" என்றார் அப்பா.

டிரைவர் சட்டென்று இன்ஜினை அணைத்தார். "மந்தி, பெரியவரே! மரத்து மேலேர்ந்து புலியையோ சிறுத்தையையோ பார்த்தா இப்படித்தான் குரல் குடுக்கும்."

மான்கள் மேய்வதை நிறுத்தி, வாலைத் தூக்கிக்கொண்டு ஒரே திசையில் பார்த்தன. ஒன்று கிறீச்சிட்டது. உண்ணிச்செடிப் புதர் அசைந்தது. பின்சீட் ஆசாமிகூட மூச்சு விடவில்லை. ஐந்து நிமிஷம்... ஒன்றும் வெளியே வரவில்லை.

அப்பா என் கையைப் பிடித்தார். "என்னடா தெரிஞ்சுது?"

எனக்கு மனசு கேட்கவில்லை. "புலிப்பா! வால் நல்லாத் தெரிஞ்சுது."

"பி.காம். படிச்சவன்தானே நீ? வவுச்சர் இல்லாம என்ட்ரி போடாதே" என்றார், சிரித்துக்கொண்டே. "புதர் ஆடிச்சா?"

"ஆடிச்சுப்பா."

"எந்தப் பக்கம்?"

"உங்க பக்கம்தான். இடது பக்கம்."

"அது போதும்."

ஊர் திரும்பும்போது பஸ்ஸில் தாத்தாவும் பேரனும் மந்தி மாதிரி மாற்றி மாற்றி இருமிக்கொண்டே வந்தார்கள். கண்டக்டர் மட்டும் எங்கள் சீட்டுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்று டிக்கெட் கொடுத்தார்!