காகிதத்துக்கு ஏறும் எழுத்து

ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி முடித்ததும் பெரியவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். "வெயில் ஏறதுக்குள்ள மை போட்டுரணும் தம்பி. சுள்ளுனு அடிச்சா தாளு தூக்கிக்கும்" என்றார். வாளியோடு நின்றிருந்த இளைஞர், "சரிண்ணே" என்றபடி வாசல் பக்கம் ஒரு வேட்டியைக் கட்டிக் காற்றை மறைத்தார்.

இடம் சீயமங்கலம். வந்தவாசியிலிருந்து தேசூர் போகும் வழியாக வந்தால் ஊருக்குள் ஒரு பெரும்பாறை. அதைக் குடைந்து செய்த சிவன் கோயிலுக்கு இன்று தூணாண்டார் கோயில் என்று பெயர். ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் செய்வித்தது. லளிதாங்குரன் என்ற தன் பட்டப்பெயரால், 'அவனிபாஜன பல்லவேஸ்வரம்' என்ற இக்கோயிலை எடுப்பித்ததாகத் தூணிலேயே கிரந்த எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறான். வந்தவாசி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கோரைப்பாய் நினைவுக்கு வரும். வரலாறு படித்தவர்களுக்கு 1760 ஜனவரி 22இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்ற போர் நினைவுக்கு வரும். அந்தப் போருக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது இந்தக் குடைவரை. இதைப் பார்க்கத் தனியாக வருகிறவர்கள் மிகச் சிலரே என்பது எனக்கு வருத்தம்.

நான் வந்தது மைப்படி எடுப்பதை, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மையால் பதித்தெடுப்பதை, பார்க்க. அனுமதி பெற்று வந்திருந்த சிறு குழு அது. படி எடுக்கும் பெரியவர், அவருடைய உதவியாள், வாசித்துச் சரிபார்க்க ஓய்வுபெற்ற தொல்லியல் அலுவலர் ஒருவர்.

கழுவுவதற்கே பாதிப் பொழுது போய்விடுகிறது. எழுத்தின் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் திருநீறும் இறுகிக் கிடக்கின்றன. தண்ணீரும் மெத்தென்ற தூரிகையும்தான் கருவி. கம்பி பிரஷ்ஷைப் பெரியவர் பைக்குள்ளேயே சேர்ப்பதில்லை. பிறகு நனைத்த தாளை நடுவில் வைத்து, ஓரம் நோக்கித் தடவிக் காற்றை வெளியேற்றுகிறார். அடுத்தது தட்டுவது. நெருக்கமான மயிர் வைத்த தூரிகையை நேர்க்குத்தாகப் பிடித்து, ஒரே சீராகத் தட்டிக்கொண்டே போகிறார். தாள் மெல்ல மெல்ல எழுத்துக்குள் இறங்குகிறது. ஆழமான எழுத்தில் கிழிந்தால் பதறுவதில்லை. ஈரத்துண்டு ஒன்றை அதன் மேல் வைத்து மறுபடி தட்டுகிறார். தாள் முக்கால் பங்கு காய்ந்திருக்கும்போது மை. விளக்குக்கரியும் பிசினும் சேர்ந்த கறுப்பு. துணி சுற்றிய ஒத்துக்கட்டையில் அதைத் தொட்டு, முதலில் ஒரு தட்டில் ஒத்திப் பார்க்கிறார். மை மிகுந்தால் பள்ளத்துக்குள் போய்விடும், எழுத்து அவ்வளவுதான். பிறகு தாளின் மேல் மிக லேசாக ஒத்துகிறார். கறுப்பு பரவப் பரவ நடுவே வெள்ளை வெள்ளையாகக் கிரந்த எழுத்துகள் எழுந்து வந்தன. கல்லில் நான் கண்ணைச் சுருக்கித் தேடிய வளைவுகள் தாளில் பளிச்சென்று நின்றன.

அலுவலர் குனிந்து ஓர் எழுத்தைச் சுட்டிக் காட்டினார். "இந்தக் கால் கல்லுல கண்ணுக்கே தெரியாது. தாள்லதான் வரும்."

1886இல் சென்னை மாகாணத்துக்குக் கல்வெட்டாய்வாளராக ஹுல்ஷ் நியமிக்கப்பட்டு, 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதி வெளிவந்தது. அதற்குப் பிறகு வந்த அத்தனை தொகுதிகளுக்கும் இப்படி ஒருவர் பாறைமுன் குந்தியிருந்து எடுத்த தாள்தான் அடிப்படை. அறிஞரின் பெயர் அட்டையில் இருக்கிறது. தாள் ஒட்டியவரின் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். பல்லவர் வரலாற்றை எழுதியதில் இந்தக் கைகளுக்கும் சம பங்கு உண்டு என்றே நான் சொல்வேன்.

மைப்படியின் அருமை தெரிய வேண்டுமானால் மாமண்டூர் போக வேண்டும். வந்தவாசியிலிருந்து காஞ்சிபுரம் போகும் தடத்தில், தூசிக்கு அருகே, சித்திரமேகத் தடாகம் என்று பழம்பெயர் கொண்ட ஏரிக்கரைக் குன்றில் நான்கு குடைவரைகள். அங்கே உள்ள வடமொழிக் கல்வெட்டு ஒன்றில் மத்தவிலாசம், பகவதஜ்ஜுகம் என்ற இரு நாடகங்களின் பெயர்கள் வருகின்றன. ஆனால் கல்வெட்டு மிகவும் சிதைந்தது. வரிக்கு வரி பாறை உதிர்ந்து, பாதிச் சொற்கள்தான் எஞ்சியிருக்கின்றன. இசையையும் நாடகத்தையும் பற்றி ஓர் அரசவை சொல்ல வந்தது, நம் கண்முன்னே அறுந்து நிற்கிறது. மழைநீர் இறங்கும் ஒரு கசிவு போதும், மிச்சமும் போக.

அலுவலர் தன் பையில் வைத்திருந்த புத்தகம் கே.ஆர். சீனிவாசனின் பல்லவக் குடைவரைகள் பற்றிய நூல். 1964இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் தொடங்கி மத்தியத் துறைக்குப் போனவர் சீனிவாசன். மகேந்திரன் காலத்தது என்று பலரும் நம்பியிருந்த சித்தன்னவாசல் ஓவியங்களைப் பாண்டியர் கல்வெட்டைக் கொண்டு பிற்காலத்துக்கு நகர்த்தியதில் அவருடைய பங்கு பெரிது. இந்த நூலில் தூண்களின் வரைபடங்களும் அளவுகளும் உண்டு. நாளைக்கு ஒரு தூண் உடைந்தால் அது எப்படி இருந்தது என்று சொல்ல அந்த அளவுதான் சாட்சி. அளந்து எழுதி வைப்பதும் பாதுகாப்புதான்.

தன் பணிக்காலத்தைப் பற்றிக் கேட்டபோது அலுவலர் முதலில் சொன்னது இரா. நாகசாமியைப் பற்றி. 1966 முதல் 1988 வரை தமிழ்நாட்டுத் தொல்லியல் துறைக்கு இயக்குநர். இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் பகுதி வயல்களிலும் புதர்களிலும் கிடந்த நடுகற்களைத் துறை ஊர் ஊராகத் தேடிப் படியெடுத்தது. 1972இல் 'செங்கம் நடுகற்கள்' நூலாயிற்று. ஆநிரைச் சண்டையில் செத்த வீரர்களின் பெயர்கள் அப்படித்தான் நமக்குக் கிடைத்தன. "நாங்க சேர்ந்தப்போ முதல்ல கத்துக்கிட்டது ஊர்ப் பெரியவங்ககிட்ட எப்படிப் பேசணும்கிறதுதான். அவங்க சொல்லாம ஒரு கல்லும் கிடைக்காது" என்றார். வருடத்தில் பாதி முகாம் வாழ்க்கை, பிள்ளைகளின் பள்ளி விழா எதையும் பார்த்ததில்லை. இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. கேட்ட எனக்குத்தான் மனசு கனத்தது.

மதியத்துக்குமேல், பழைய மண்டபம் ஒன்றின் மேல்தளத்தைச் செப்பனிடும் இடத்துக்கு அழைத்துப் போனார். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தை மரக்கட்டையால் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பானையில் ஊறிய கடுக்காய்த் தண்ணீர், இன்னொன்றில் வெல்லத் தண்ணீர். தட்டத் தட்டத் தெளிக்கிறார்கள். கட்டை துள்ளித் திரும்பும்வரை தட்ட வேண்டும் என்றார் மேஸ்திரி. சிமெண்ட் போட்டால் ஒரே நாளில் முடியுமே என்றேன். "போடலாம்மா. அது மூச்சு விடாது. உள்ள தங்குற ஈரம் உப்பைக் கெளப்பிக் கல்லை உரிச்சுரும்" என்றார். எத்தனையோ கோயில்களில் நல்ல எண்ணத்தோடு பூசிய சிமெண்டே கல்லைத் தின்றிருக்கிறது. பூச்சு ஓவியங்களை மறைத்ததும் உண்டு: காஞ்சி கைலாசநாதர் கோயிலில் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்த பல்லவர் ஓவியங்களை 1931இல்தான் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் கண்டார். மணலை வேகமாகப் பீய்ச்சிக் கல்லைப் பளபளப்பாக்கும் முறையோ, எழுத்தையே மழித்துவிட்டது. பக்திதான் இதையெல்லாம் செய்தது என்பதால் யாரையும் கடிந்து பேசவும் முடிவதில்லை.

மைப்படிக்காரர் பெரியவருக்கு வேறு கவலை. இந்த வேலை கற்க இளைஞர்கள் வருவதில்லை. மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர 2021இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவிட்ட செய்தியை அவர் ஆர்வமாகப் படித்தவர். "தாளு எங்க இருந்தாலும் சரிங்க, புதுத்தாளு எடுக்க ஆளு வேணும்ல? நிரந்தர வேலைன்னா என் அக்கா மவனையே கூட்டியாந்திருப்பேன்" என்றார்.

சாயங்காலம் சீயமங்கலத்துக்குத் திரும்பியபோது சன்னதி திறந்திருந்தது. முகப்பின் அரைத்தூணின் மேற்பகுதியில் கையகலச் சிற்பமாக ஆடும் சிவன். கல்லில் ஆடவல்லானைக் காட்டும் தமிழ்நாட்டின் மிகப் பழைய உருவங்களில் ஒன்று. பாதத்தருகே பாம்பு. அந்தத் தூணின் அடியில் அகல் விளக்குகள். புகை மேலே ஏறி மார்புவரை கறுத்திருந்தது.

அலுவலர் குருக்களிடம் போய், "சாமி, விளக்கை நாலடி தள்ளி வெக்கலாமா?" என்றார்.

"நான் சொன்னா கேப்பா. பிரதோஷத்துல கூட்டம் வர்றச்சே என்ன பண்றது? எல்லாரும் தூண்கிட்டயேதான் ஏத்துவா."

"ஒரு விளக்கு ஸ்டாண்டு இருந்தா?"

"பெரிசா, எண்ணெய் சிந்தாத தட்டோட இருந்தா ஏத்துப்பா. வெளி மண்டபத்துல வெச்சுடலாம்."

அலுவலர் நோட்டை எடுத்து அளவு கேட்டார். வந்தவாசிப் பாத்திரக்கடையில் செய்யக் கொடுத்தால் அடுத்த பிரதோஷத்துக்குள் கிடைத்துவிடும் என்றார் குருக்கள்.