சக்கரம் நின்ற இடம்

எங்கள் வீட்டுப் புத்தக அலுமாரியின் மேற்றட்டு முழுவதையும் பதினான்கு பருத்த நூல்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. அமெரிக்க எழுத்தாளர் ரொபேட் ஜோர்டன் படைத்த ‘காலச் சக்கரம்’ என்னும் மாயாலோகப் பெருங்கதை அது. முதல் நூல் 1990இல் வெளியாயிற்று. ஆசிரியர் 2007இல் காலமாகிவிடவே, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு பிரண்டன் சாண்டர்சன் என்பார் எஞ்சிய கதையை மூன்று நூல்களாக விரித்தெழுதி, 2013இல் முடித்துவைத்தார்.

இந்நூல்களை ஒவ்வொன்றாக எனக்கு அனுப்பியவர் கனடாவில் வாழ்ந்த என் தமையனார். ஒன்றை வாசித்து முடித்ததும் அதுபற்றி அவருக்குக் கடிதம் எழுதுவேன்; பதில் வரும்; பின்னால் அடுத்த நூலும் வரும். இன்று அவர் இல்லை.

2021 நவம்பரில் அமேசன் நிறுவனம் இக்கதையைத் தொடராக்கி இணையவழியே வெளியிடத் தொடங்கியது. மகள் வற்புறுத்தவே நானும் உடனிருந்து பார்த்தேன். முதற் பகுதியிலேயே எனக்குச் சினம் மூண்டுவிட்டது. பெரின் என்னும் கொல்லன் கதையின் தொடக்கத்தில் மணமாகாத இளைஞன். தொடரிலோ அவனுக்கு ஒரு மனைவி! இரவுச் சண்டையின் குழப்பத்தில் அவளைத் தன் கோடரியாலேயே அவன் வெட்டிவிடுகிறான். “இது அந்தக் கதையே அல்ல” என்று கூறி எழுந்துவிட்டேன்.

“உங்களுக்குப் புத்தகமும் இருந்தது, பெரியப்பாவும் இருந்தார். எனக்கு இதுதானே அப்பா இருக்கிறது?” என்றாள் மகள்.

மறுநாள் மறுபடியும் வந்து அவளருகே அமர்ந்தேன்.

ஆறுதலாக எண்ணிப் பார்த்தபோது அந்த மாற்றத்தின் காரணம் ஓரளவு புலப்பட்டது. தன் உடல்வலிமை பிறருக்குத் தீங்கு செய்துவிடுமோ என்று பெரின் உள்ளூர அஞ்சுவதை ஜோர்டன் பக்கம் பக்கமாக எழுதலாம். படக்கருவிக்கு மனத்தினுள் நுழைய வழியில்லை. அச்சத்தை அது ஒரு நிகழ்ச்சியாக்கித்தான் காட்டவேண்டும். அதிலும், எண்ணூறு பக்கக் கதைக்கு எட்டே பகுதிகள். போதாக்குறைக்குக் கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச்சில் படப்பிடிப்பு நின்றது. முக்கிய நடிகர் ஒருவர் இடையில் விலகினார். முதற் பருவத்தின் முடிவு தடுமாறியதில் வியப்பில்லை. (மனைவியைக் கொல்லாமலும் அதனைக் காட்டியிருக்கலாம் என்றே இன்றும் கருதுகிறேன்.)

மூன்றாம் பருவத்தில் தொடர் தன் நடையைக் கண்டுகொண்டது. நான்காம் நூலைப் பெரும்பாலும் தழுவிய அப்பருவத்தை விமரிசகர்களும் மெச்சினர். நானே இரண்டோர் இடங்களில் கண் கலங்கினேன். ஆயினும் 2025 மே மாதத்தில், இனித் தொடராது என்று அறிவித்துவிட்டார்கள். இத்தகைய தொடர்களில் புரளும் பணம் கொஞ்சநஞ்சமன்று. ரோல்கினின் மோதிரக் கதையுலகைத் தொடராக்கும் உரிமைக்கு மட்டும் இதே நிறுவனம் 2017இல் ஏறத்தாழ 25 கோடி டொலர் கொடுத்ததாகச் செய்திகள் வெளியாயின. அவ்வளவு முதலிடுவோர் பார்ப்போர் தொகையை எண்ணாமலா இருப்பார்கள்? எழுத்தாளன் இறந்தபின்பும் முடிவுவரை சென்ற கதை, பொருள்வளம் மிக்க கம்பனியின் கையில் நடுவழியிலே நின்றுபோயிற்று.

செய்தி கேட்டு மகள் வாடிப்போனாள். அவ்வேளை என் நெஞ்சில் எழுந்ததை ஒளிக்காமற் சொல்லுகிறேன்: அது மகிழ்ச்சி. நூல்கள் மீண்டும் எனக்கும் தமையனாருக்கும் மட்டுமே உரியவையாகிவிட்டன என்பதுபோன்ற ஒரு சிறுமையான மகிழ்ச்சி. அவள் முகத்தைப் பார்த்ததும் வெட்கிப்போனேன்.

“முடிவை நான் சொல்லட்டுமா?” என்று கேட்டேன். “வேண்டாம்” என்றாள்.

சென்ற மாதம் மேற்றட்டில் முதலாவது நூலின் இடம் வெறுமையாக இருக்கக் கண்டேன். அதன் முதற் பக்கத்தில் தமையனாரின் கையெழுத்து இருக்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, விரலைப் பக்கத்தினுள் அடையாளமாக வைத்தபடி மகள் என் மேசையருகே வந்து நின்றாள்.

“அப்பா, பெரினுடைய மனைவி எங்கே? அவளைக் காணவில்லையே!”